பாட்டு நின்ற இடம்

ராயக்கோட்டை ரத்தினவேலின் ‘கேட்டு’ப் பாட்டை ஸ்டுடியோவில் பாடியது உசத்தியா, மேடையில் பாடியது உசத்தியா என்பதில் எட்சனும் நவீன்குமாரும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை.

இருவரும் ஓசூர் சிப்காட்டில் கியர் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தார்கள். எட்சனுக்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரி. கல்யாணத்துக்குப் பிறகு ஓசூரிலேயே வாடகைக்கு வீடு பிடித்துத் தங்கிவிட்டான். நவீன்குமார் பாகலூரிலிருந்து பைக்கில் வருகிறவன். வீட்டில் தெலுங்கு, டீக்கடையில் கன்னடம், மெஷினுக்கு முன்னால் தமிழ். மூன்று பாஷையிலும் அவன் ரத்தினவேலின் ரசிகன்.

ரத்தினவேல் சினிமாவில் பாடியவர் இல்லை. சின்னதாக ஓர் ஆர்க்கெஸ்ட்ரா வைத்துக்கொண்டு கோயில் திருவிழா, கல்யாணம், கம்பெனி விழா என்று சுற்றுப்பட்டெல்லாம் போய்ப் பாடியவர். மற்றவர்கள் பாட்டுக்கு நடுவே தான் எழுதிய பாட்டையும் இரண்டு மூன்று சேர்த்துக்கொள்வார். அதில் ஒன்றான ‘கேட்டு’ப் பாட்டு கர்நாடக எல்லையைத் தாண்டி ஆனேக்கல் பக்கம்வரை பரவியது. மூடிய ரயில்வே கேட்டில் ஒருவன் நிற்கிறான். கேட்டுக்கு அந்தப்பக்கம் நின்றிருந்த பெண் ரயில் போன பிறகு பார்த்தால் இல்லை.

*ரயிலு போயி நேரமாச்சு*
*கேட்டு இன்னும் தொறக்கலயே*
*அந்தப்பக்கம் நின்ன புள்ள*
*இந்தப்பக்கம் பாக்கலயே*

அந்தப் பெண் நிஜமாகவே இருந்தவள், ரத்தினவேல் சின்ன வயதில் விரும்பியவள், அவளைப் பெங்களூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. ரத்தினவேல் அதை ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை.

இந்தப் பாட்டை அவர் பெங்களூரில் ஒரு ஸ்டுடியோவில் பதிவு செய்திருந்தார். புல்லாங்குழலோடு தொடங்கும். குரல் கண்ணாடிபோல் இருக்கும். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் காதில் விழும். நவீன்குமாருக்கு அதுதான் பாட்டு. எட்சனுக்கு அது பிடித்துத்தான் இருந்தது, அந்த ஆயுத பூஜைவரை.

அந்த வருடம் கம்பெனி ஆயுத பூஜைக்கு ரத்தினவேலின் ஆர்க்கெஸ்ட்ராவை அழைத்திருந்தார்கள். மெஷின்களுக்குச் சந்தனம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரியும் கடலையும் கொடுத்து முடித்த பிறகு, லாரிகள் நிற்கும் இடத்தில் பந்தல் போட்டுக் கச்சேரி. தொழிலாளர்களின் குடும்பங்களும் வந்திருந்தன. பெண்களுக்கு மேடையின் வலப்பக்கம் நாற்காலி போட்டிருந்தார்கள். எட்சன் இடப்பக்கம் ஸ்பீக்கர் அருகே ஒரு மரப் பலகைமேல் ஏறி நின்று, போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டுக்கு முன் கடைசிப் பாட்டாகக் ‘கேட்டு’ப் பாட்டு வந்தது. புல்லாங்குழல் இல்லை. கீபோர்டும் தாளத்துக்கு ஒரு பேடும் மட்டும்தான். கடைசிச் சரணம் முடிந்து மறுபடி பல்லவிக்கு வந்தவர், “அந்தப்பக்கம் நின்ன புள்ள” என்று பாடிவிட்டு நின்றார். மைக்கைப் பிடித்திருந்த கையோடு இன்னொரு கையும் சேர்ந்தது. முகத்தை ஒரு பக்கம் திருப்பி எதையோ பார்த்தார். கீபோர்டு வாசித்த ஆஞ்சப்பன் ஒரே சுரத்தை அழுத்தியபடி காத்திருந்தார். பந்தலில் பொரி மெல்லும் சத்தம்கூட இல்லை. பிறகு ரத்தினவேல் பாதி பேச்சாக, மிகத் தாழ்ந்த குரலில், “இந்தப்பக்கம் பாக்கலயே” என்று முடித்தார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. எட்சனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் கேன்டீனில் அந்த வீடியோவை நவீன்குமாருக்குப் போட்டுக் காட்டினான்.

“நேர்லயே கேட்டேனே. மூச்சு வாங்குதுடா அவருக்கு. சுருதி எறங்கிப்போச்சு. கடைசி வரியப் பாடவே இல்ல, பேசிட்டாரு.”

“அதாண்டா பாட்டு. ஸ்டுடியோல எழுத்துதான் கேக்குது. இங்க மனுசன் தெரியறான்.”

“எனக்குப் பாட்டு போதும்டா. மனுசன் எதுக்கு?”

இப்படியே வாரக்கணக்கில் ஓடியது. சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு பக்கம் இயர்போனை மாட்டிக்கொண்டு, முதலில் ஸ்டுடியோ, பிறகு மேடை, மறுபடி ஸ்டுடியோ என்று கேட்பார்கள். மற்றவர்கள் இவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

கார்த்திகை பிறந்த கொஞ்ச நாளில் ரத்தினவேல் இறந்துபோனார். மாரடைப்பு என்றார்கள். அன்று இருவருக்கும் ஷிப்ட் மாற்ற முடியாமல் போக, அடக்கத்துக்குப் போகவில்லை. மனது கேட்காமல் எட்சன் அந்த வீடியோவைத் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டு, கூடவே கொஞ்சம் எழுதினான். ஸ்டுடியோவில் பாடியவர் ஒரு பாடகர், எங்கள் கம்பெனி மேடையில் பாடியவர் அந்தக் கேட்டில் நின்றவர்; அந்த இடத்தில் பாட்டு நிற்கிறதே, அதைக் கேளுங்கள், காதலித்துத் தோற்றவனால் மட்டும்தான் அப்படி நிற்க முடியும். இதுதான் அவன் எழுதியதன் சாரம்.

அவன் எதிர்பார்க்காத அளவுக்கு அது பரவியது. அழுதேன் என்று எழுதினார்கள். கன்னடத்தில் எழுதினார்கள். பெங்களூரில் டாக்ஸி ஓட்டும் ஒருவர், ஊர் ஞாபகம் வந்துவிட்டது என்று குரல் பதிவே அனுப்பினார். யாரோ அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்தார்கள். “அந்தப்பக்கம் நின்ன புள்ள”, பிறகு மௌனம், பிறகு அந்தத் தாழ்ந்த குரல். அது ரிங்டோன் ஆனது. தங்கள் காதல் தோல்விப் படங்களுக்குப் பின்னால் அதை ஓடவிட்டார்கள். எட்சன் ஒவ்வொன்றையும் நவீன்குமாரிடம் காட்டினான்.

“பாத்தியா? ஒருத்தனாவது ஸ்டுடியோ பாட்டப் போட்டானா?”

தை மாதத்தில் ஒருநாள் கீபோர்டு ஆஞ்சப்பனிடமிருந்து எட்சனுக்குப் போன் வந்தது. ரத்தினவேலின் மனைவி சுகுணா, வீடியோ எடுத்தவரைப் பார்க்க வேண்டும் என்கிறாராம். நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எட்சன் நினைத்தான். வெறுங்கையோடு போகக்கூடாது என்று, வீடியோவிலிருந்து ஒரு படத்தை எடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டான். ரத்தினவேல் இரண்டு கைகளாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் பார்க்கும் அந்த இடம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நவீன்குமாரின் பைக்கில் இருவரும் ராயக்கோட்டைக்குப் போனார்கள். மண்டிப் பக்கம் தக்காளிப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அதைத் தாண்டி இரண்டாவது சந்தில் வீடு. சுகுணாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். மகள் பிரவீனா பாலிடெக்னிக் படிக்கிறாள், தோழி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றார். தண்ணீர் கொடுத்தார். செய்தித்தாளில் சுற்றியிருந்த சட்டத்தை எட்சன் மடியிலேயே வைத்திருந்தான்.

“நீங்கதானா தம்பி அந்த வீடியோ எடுத்தது?”

“ஆமாங்கக்கா.”

“நான் இன்னும் பாக்கல. காதுல மட்டும் வுழுந்துக்கினே இருக்குது. மண்டியில நிக்கறேன், பக்கத்துல ஒருத்தர் போன் அடிக்குது. அந்தப்பக்கம் நின்ன புள்ளன்ட்டு நின்னுபோவுது. அவரு போன எடுக்கறவரைக்கும் என்னால மூச்சு வுட முடியல. காலேஜ் பஸ்சுல பிரவீனா பக்கத்துல ஒக்காந்துக்கினே ஒரு பொண்ணு அதக் கேட்டு அழுதுச்சாம்.”

“அவ்ளோ உருக்கமா இருக்குதுக்கா அந்த எடம்.”

சுகுணா நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டார். “போடுங்க, பாக்கறேன்” என்றார்.

எட்சன் போனை நீட்டிப் பிடித்தான். சுகுணா சேலைத் தலைப்பை வாயருகே பிடித்துக்கொண்டு பார்த்தார். பாட்டு நடந்தது. அந்த இடம் வந்தது. பாட்டு நின்றது.

“அப்புடியே நிறுத்துங்க” என்றார். எட்சன் நிறுத்தினான்.

“அவரு எந்தப் பக்கம் பாக்கறாரு?”

எட்சன் திரையைப் பார்த்தான். இத்தனை தடவை பார்த்தும் அதை அவன் யோசித்ததில்லை. “வலப்பக்கம்க்கா. லேடீஸ் ஒக்காந்திருந்த பக்கம்.”

“நானும் வந்திருந்தேன் தம்பி அன்னிக்கி. மூணாவது வரிசையில இருந்தேன். அவரு பாத்தது எனக்குத் தெரியாது. நான் தலையக் குனிஞ்சிக்கினேன்.”

எட்சனுக்கு ஒன்றும் புரியவில்லை. சுகுணாவே சொன்னார். சத்தம் போடாமல், யாருக்கோ வழி சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார்.

“அந்தப் பொண்ணு கத எனக்குக் கல்யாணமான புதுசுலயே தெரியும். நான் ஒண்ணும் கேட்டதில்ல. பாட்டுதானேன்னு இருந்துட்டேன். அன்னிக்கி அவரு நின்னதும், இத்தன வருசம் கழிச்சி, இத்தன பேரு முன்னால, அவள நெனச்சிக்கினு நிக்கறாருன்ட்டு எனக்கு ஆத்திரம் வந்துடுச்சி. எறங்கி வந்து சோடா கேட்டாரு. சட்ட நனஞ்சி கெடக்குது வேர்வையில. வாய்வு புடிச்சிக்கிச்சின்னாரு. நான் சோடாவக் குடுத்துட்டுத் திரும்பிக்கினேன். எப்பயும் கேப்பேன் தம்பி, எங்க வலிக்குது, என்னா பண்ணுதுன்ட்டு. அன்னிக்கிக் கேக்கல. வேன்ல வர்றப்பவும் பேசல.”

சுகுணா காலித் தம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார்.

“அப்புறம் கார்த்திகையில கிருஷ்ணகிரிக்குத் தூக்கிக்கினு போனமே, அந்த டாக்டரு கேட்டாரு. இது ரெண்டாவது தடவ, மொத தடவ வலி வந்தப்ப ஏன் பாக்கலன்ட்டு. எனக்கு அப்பத்தான் அந்த சோடா நெனப்புக்கு வந்துச்சி. காதலும் இல்ல ஒண்ணும் இல்ல தம்பி. நெஞ்சு வலி. வலி தாங்காம நின்னிருக்காரு. அதத்தான் ஊரெல்லாம் போட்டுக் கேக்கறாங்க.”

எட்சனின் கையில் திரை தானாக அணைந்தது. அதை மறுபடி தொட அவனுக்குத் துணிவு வரவில்லை. சந்தில் ஒரு வண்டி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது.

“அந்த இன்னொண்ணு இருக்குதா? ஸ்டுடியோல பாடுனது?” என்று சுகுணா கேட்டார்.

நவீன்குமார் தன் போனில் தேடிப் போட்டான். புல்லாங்குழல் வந்தது. பிறகு அந்தத் தெளிவான குரல். சுகுணா கண்ணை மூடிக்கொண்டார். கடைசி வரி, “இந்தப்பக்கம் பாக்கலயே”, மேலே போய் நின்று முடிந்தது.

“இதுக்கு நானும் கூடப் போயிருந்தேன், பெங்களூருக்கு. பிரவீனா கைக்கொழந்த. கண்ணாடிக்கு இந்தப்பக்கம் ஒக்காத்தி வெச்சிட்டாங்க. திரும்பத் திரும்பப் பாடச் சொன்னாங்க. ஒவ்வொரு தடவ முடிச்சதும் கண்ணாடி வழியா என்னத்தான் பாப்பாரு, நல்லா இருந்துச்சான்ட்டு. நான் தலைய ஆட்டுனா சிரிப்பாரு.” கொஞ்சம் நிறுத்தி, “அவரு தேடுனா என்னத்தான் தேடுவாரு. அன்னிக்கி எனக்கு அது மறந்துபோச்சு” என்றார்.

எழுந்து உள்ளே போய், முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

“வீடியோவ எடுத்துடறேங்க்கா. என்ன நடந்துச்சுன்னு எழுதிப் போடறேன். அப்பத்தான் மத்தவங்களும் எடுப்பாங்க” என்றான் எட்சன்.

“எடுத்துடுங்க. எழுதாதீங்க.”

“ஏங்க்கா?”

“எழுதுனா, நெஞ்சப் புடிக்கறாரா, வேர்க்குதான்ட்டு இன்னும் நாலு பேரு உத்து உத்துப் பாப்பாங்க. வேணாம்.”

சட்டத்தை எட்சன் கொடுக்கவில்லை. கையில் என்ன என்று சுகுணாவும் கேட்கவில்லை. திரும்பும்போது அதை நவீன்குமாருக்கும் தனக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து வந்தான். வழியில் டீக்கு நிறுத்தினார்கள்.

“நீ சரியாத்தான்டா சொன்ன, மூச்சு வாங்குதுன்னு” என்றான் எட்சன்.

நவீன்குமார் தலையை ஆட்டி மறுத்தான். “என்னத்தச் சொன்னேன்? பாட்டு கெட்டுப்போச்சுன்னு சொன்னேன். மனுசனுக்கு என்ன ஆச்சுன்னு நான் மட்டும் கேட்டனா?”

அன்று சாயங்காலமே எட்சன் வீடியோவை நீக்கினான். தான் எழுதியதையும் நீக்கினான். எத்தனையோ பேர் அதை எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்பி, குடும்பத்தார் விருப்பம், எடுத்துவிடுங்கள் என்று கேட்டான். சிலர் எடுத்தார்கள். காரணம் என்ன என்று கேட்டவர்களுக்கு அவனால் பதில் சொல்ல முடியவில்லை. பாடகர் ஊருக்குப் பொது, குடும்பத்துக்கு மட்டும் சொந்தமா என்று ஒருவர் எழுதினார். ஸ்டுடியோக்காரர்கள் சொல்லித்தான் எடுத்துவிட்டான் என்று இன்னொருவர். தோற்றவனின் வலி உனக்கெங்கே தெரியும் என்று ஒரு பையன் திட்டினான். அது எட்சனே எழுதிய வார்த்தைகளின் சாயல்தான். அதைப் படித்த அன்று அவன் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை.

கேன்டீனில் இருவரும் பாட்டு கேட்பதை விட்டுவிட்டார்கள். யாரும் கேட்டால், போனில் இடம் இல்லை என்பான் நவீன்குமார்.

அடுத்த ஆயுத பூஜைக்கும் அதே ஆர்க்கெஸ்ட்ரா வந்தது. இப்போது ஆஞ்சப்பன்தான் நடத்துகிறார். பாடுகிறவர் முனிவேல் என்று புதியவர், நல்ல குரல். காலையில் மைக் சோதித்துக்கொண்டிருந்தபோதே எட்சன் மேடைக்குப் போய் ஆஞ்சப்பனைத் தனியாகக் கூப்பிட்டான்.

“‘கேட்டு’ப் பாட்டு இருக்குதாண்ணா?”

“அது இல்லாம வுடுவாங்களா சார்?”

“அந்த எடத்துல நிறுத்துவாரா?”

ஆஞ்சப்பன் வயரைச் சுருட்டியபடியே சொன்னார். “எல்லா ஊர்லயும் நிறுத்தறாரு. அங்க நிறுத்தலன்னா ஜனம் ஒத்துக்க மாட்டேங்குது. மைக்க ரெண்டு கையால புடிச்சிக்கினு, அந்தப் பக்கம் திரும்பி, அப்புடியே பண்றாரு.”

“அக்கா உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலயா?”

ஆஞ்சப்பனின் கை நின்றது. “சொன்னாங்க” என்றார். “நான் எட்டிப் புடிக்கிற தூரத்துலதான் சார் இருந்தேன். அண்ணன் என்னமோ புதுசா பண்றாருன்னு நெனச்சி, ஒரு சுரத்த அமுக்கிக்கினு நின்னுட்டேன். நான் வுட்ட அந்தச் சுரந்தான் இப்ப எல்லாரு போன்லயும் அடிக்குது. முனிவேல் கேட்டா என்னான்னு சொல்றது? அக்கா யாருக்கும் சொல்லக்கூடாதுன்னுட்டாங்க.”

எட்சன் தரையில் கிடந்த வயரின் மறுமுனையை எடுத்து அவரிடம் கொடுத்தான். இருவரும் அவரவர் வேலைக்குப் போனார்கள்.

கடைசிப் பாட்டாக அது வந்தபோது வெயில் ஏறியிருந்தது. பாட்டு தொடங்கியதுமே பந்தலில் போன்கள் உயர்ந்தன. எட்சன் நவீன்குமாரோடு பின்னால் நின்றான். கடைசிச் சரணம் முடிந்தது. முனிவேல் இரண்டு கைகளையும் மைக்குக்குக் கொண்டுபோனார். “அந்தப்பக்கம் நின்ன புள்ள” என்று பாடி, முகத்தைத் திருப்பினார்.

ஆஞ்சப்பன் நிறுத்தவில்லை. தலையைக் குனிந்தபடி, தாளம் தப்பாமல், அடுத்த வரிக்கான இசையை இன்னும் அழுத்தமாக வாசித்துக்கொண்டு போனார். பேட் வாசித்தவர் ஒரு கணம் தடுமாறி அவரோடு சேர்ந்துகொண்டார். முனிவேல் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். வேறு வழியில்லாமல் வாயைத் திறந்து, “இந்தப்பக்கம் பாக்கலயே” என்று முழுக்குரலில், மேல் சுரத்தில் பாடினார். நன்றாகவே பாடினார்.

கைதட்டல் சுமாராகத்தான் இருந்தது. முன்னால் நின்ற ஒருவன் போனைக் கீழே இறக்கி, “என்னப்பா, நிறுத்தவே இல்ல” என்றான். மேடையில் முனிவேல் ஆஞ்சப்பனிடம் கோபமாக ஏதோ கேட்பது தெரிந்தது. ஆஞ்சப்பன் கீபோர்டை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

நவீன்குமார் எட்சனின் தோளில் கை வைத்தான். “இந்த ஒரு ஊர்லதான்டா” என்றான்.

“தெரியும்.”

எட்சன் பந்தலுக்கு வெளியே போய், வண்டிகள் நிற்கும் இடத்தில் நிழல் பார்த்து நின்று, சுகுணாவைக் கூப்பிட்டான். நடந்ததைச் சொன்னான்.

“முழுசா பாடுனாரா?” என்று கேட்டார் சுகுணா.

“முழுசா பாடுனாருக்கா.”

“ம்.”

பிறகு, “தம்பி, பிரவீனாவுக்கு வர்ற வருசம் டிப்ளமா முடியுது. மெக்கானிக்கல். உங்க கம்பெனியில பொண்ணுங்கள எடுக்கறாங்களா?” என்றார்.

“எடுக்கறாங்கக்கா. போன வருசம் எடுத்தாங்க.”

“ராயக்கோட்டையில இருந்து பஸ் வருதா?”

“கம்பெனி பஸ்ஸு எதுவரைக்கும் வருதுன்னு கேட்டுச் சொல்றேங்க்கா. ஆபீஸ்ல இருக்கறவரு இங்கதான் சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு, இப்பவே கேட்டுடறேன்.”

போனைப் பையில் போட்டுக்கொண்டு, இலை போட்டிருந்த பக்கம் நடந்தான்.